தேயிலை, கடன், காவல்: மலையக எழுத்தில் உலகமயமாதலின் தடங்கள்

1. பிரச்சினை

மலையக இலக்கியம் பற்றிய நமது விமரிசனம் நெடுங்காலமாக இரு சொற்களைச் சுற்றியே இயங்கி வந்துள்ளது. ஒன்று மண்வாசனை, மற்றது துயரம். 1950களின் பிற்கூறிலும் 1960களிலும் இலங்கையின் முற்போக்கு எழுத்தாளர்கள் தேசிய இலக்கியம் என்னும் கோட்பாட்டை முன்வைத்தபோது, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்பன போன்று மலையகமும் இலக்கியத்துக்குரிய ஒரு பிரதேசமாக இனங்காணப்பட்டது. லயத்து வாழ்க்கையும் தோட்டத்துப் பேச்சுவழக்கும் எழுத்துக்குரியனவாக ஏற்கப்பட்டமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு வெற்றியே. வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971 இல் கதைக்கனிகள் என்னும் பெயரில் நூலுருப் பெற்றமை அவ்வெற்றியின் ஓர் அடையாளமாகும்.

ஆயின் அந்த ஏற்பு ஒரு வரையறையையும் உடன்கொண்டு வந்தது. மலையகம் ஒரு பிரதேசம் எனக் கொள்ளப்பட்டதும், அது வெளியுலகத் தொடர்பற்ற ஒரு தனி உலகமாகவும் கருதப்படலாயிற்று. தோட்டம் என்றால் துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, லயம், பிரட்டுக்களம்; இவற்றினுள் அடங்கியதே அம்மக்களின் வாழ்வு என்ற எண்ணம் வாசகரிடையே மட்டுமன்றி எழுத்தாளரிடையேயும் வேரூன்றியது. இவ்வெண்ணம் உண்மைக்கு நேர்மாறானது. இலங்கைத் தீவில் உலகச் சந்தையுடன் மிகநெருக்கமாகவும் மிகமுற்படவும் பிணைக்கப்பட்ட நிலப்பகுதி மலையகமே. யாழ்ப்பாணத்து விவசாயியோ கிழக்கின் மீனவனோ உலகச் சந்தையின் ஏற்றவிறக்கங்களை உணர்வதற்கு வெகுகாலம் முன்னரே, தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி இலண்டனில் நிர்ணயிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

உலகமயமாதல் பற்றி இன்று எழுதுவோர் பலர் அதனை 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடு அல்லது 1990களோடு தொடங்குவர். உலகமயமாதலின் விளைவாக அரசு மெலிந்துவிட்டது என்பதும் அவர்களிடையே பரவலாகக் காணப்படும் முடிவாகும். மலையகத்தின் வரலாற்றையும் எழுத்தையும் இணைத்து நோக்குமிடத்து இவ்விரு கருத்துகளும் திருத்தப்பட வேண்டியன என்பது புலப்படும். அரசு மெலியவில்லை, அதன் கடமைகள் இடம் மாறியுள்ளன. தொழிலாளிக்கு வீடும் வைத்தியமும் கல்வியும் வழங்கும் கடமையிற் பின்வாங்கிய அதே அரசு, கடனுக்குப் பொறுப்பு நிற்பதிலும் முதலீட்டுக்குக் காவல் நிற்பதிலும் முன்னிலும் வலிமை பெற்றுள்ளது. இம்மாற்றத்தை மலையக எழுத்து எவ்வாறு கண்டது, எங்கே காணத் தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தோட்டம் என்னும் உலக நிறுவனம்

1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அதனையடுத்துக் கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தது. 1880களில் மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். நிலம் இலங்கையினது, உழைப்பு தமிழகத்தினது, மூலதனம் பிரித்தானியாவினது, நுகர்வோர் உலகெங்கணும் பரந்தோர். உலகமயமாதல் என்னும் சொல் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே அச்சொல் குறிக்கும் பொருள் நுவரெலியா மலைகளில் நிலைபெற்றுவிட்டது எனலாம்.

இந்நிறுவனத்தின் இயல்பினைத் துல்லியமாக விளக்கியவர் எஸ்.பி.டி. டி சில்வா. குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம் பற்றி 1982 இல் வெளிவந்த நூலில், பெருந்தோட்டத்தை நவீன முதலாளித்துவத்தின் முன்னோடியாகக் கொண்ட அன்றைய பொதுக்கருத்தை அவர் மறுத்தார். தோட்டங்களை ஆண்டது உற்பத்தி மூலதனமன்று. முகவர் நிலையங்கள் வழியாகச் செயற்பட்ட வணிக மூலதனமே. பொறியையும் தொழினுட்பத்தையும் பெருக்கி இலாபம் காணும் நிர்ப்பந்தம் வணிக மூலதனத்துக்கு இல்லை. மலிவான உழைப்பை நிலத்தோடு கட்டிவைப்பதே அதற்குப் போதுமானதாயிருந்தது. கங்காணி முறையும் துண்டு முறையும் தீராத முற்பணக் கடனும் அக்கட்டினை இறுக்கிய கயிறுகளாகும்.

இக்கருத்து இலக்கிய மாணவனுக்கும் இன்றியமையாதது. லயமும் பிரட்டுக்களமும் பழைமையின் எச்சங்களாக நமக்குத் தோன்றுகின்றன. உண்மையில் அவை உலகச் சந்தை தன் தேவைக்கெனப் படைத்துப் பேணிய நவீன நிறுவனங்கள். எனவே லயத்தைப் பற்றி எழுதும் எழுத்தாளன் ஒரு மூலையைப் பற்றி எழுதுவதாக எண்ணவேண்டியதில்லை. அவன் உலகப் பொருளாதாரத்தின் நடுவிடம் ஒன்றைப் பற்றியே எழுதுகிறான்.

3. கடல் கடந்தவனும் நாடற்றவனும்

இவ்வுண்மையை முதலில் உணர்த்திய தமிழ்ப் புனைகதைகளுள் ஒன்று தமிழகத்திலிருந்து வந்தது. புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935 இல் மணிக்கொடியில் வெளியாயிற்று. திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் நிலவும் நில உறவும் சாதிக் கொடுமையும் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தள்ளுவதை அக்கதை காட்டுகின்றது. கதையின் சிறப்பு தோட்டத்துக் கொடுமையை வருணித்ததில் மட்டும் இல்லை. கிராமத்து மிராசும் கடல் கடந்த தோட்டமும் ஒரே அமைப்பின் இரு கூறுகள் என்பதைக் கதைப்போக்கினாலேயே உணர்த்தியதில் உள்ளது.

இலங்கையில் இதே காலத்தில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் வேறொரு வழியிற் செயற்பட்டனர். தேசபக்தன் ஆசிரியராகவும், 1931 இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவும், பின்னர் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் நடேசய்யர் இயங்கினார். மீனாட்சி அம்மையின் பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்டுத் தொழிலாளரிடையே பாடப்பட்டன. இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து என்னும் தலைப்பில் துயரம் என்ற சொல் இருப்பினும், அப்பாடல்களின் ஓட்டம் ஒப்பாரியின் ஓட்டமன்று. சட்டத்தையும் உரிமையையும் அரசையும் நோக்கிப் பேசுபவை அவை. மலையக எழுத்தின் தோற்றுவாயில் அரசு என்னும் பிரச்சினை இவ்வளவு வெளிப்படையாக இருந்தமை மனங்கொளத்தக்கது. பிற்காலப் புனைகதையில் அது மங்கியமையும் ஆராயத்தக்கது.

1948 இன் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களிற் பெரும்பான்மையோரைக் குடியுரிமையும் வாக்கும் அற்றோராக்கின. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பகிர்ந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எவருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினை 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்வை எட்டிற்று.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. சுதந்திர இலங்கையின் அரசு தன் அந்நியச் செலாவணிக்கு மலையகத் தொழிலாளியின் உழைப்பையே நம்பியிருந்தது. அதே அரசு தன் குடிமக்கள் எவர் என வரையறுத்தபோது அத்தொழிலாளியை வெளியே நிறுத்தியது. உழைப்பு நாட்டுக்கு உரியது. உழைப்பவன் நாட்டுக்கு உரியவனல்லன். குடியுரிமை மறுப்பு இனவாதத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை. ஆயின் அது மூலதனத்துக்கும் வாய்ப்பாக அமைந்தது. வாக்கில்லாத் தொழிலாளி வேறு தொழிலுக்கோ வேறு நிலத்துக்கோ எளிதிற் செல்ல இயலாதவனாயினான்.

இம்முரண்பாட்டைத் தன் வாழ்வாலும் எழுத்தாலும் பதிவுசெய்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவரது மக்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்காளராயிருக்கும் உரிமையை இழந்தனர். வீடற்றவன் நாவலிற் சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி வேலையோடு வசிப்பிடத்தையும் இழக்கிறான். நாடற்றவன் என்ற சொல் பரவியிருந்த காலத்தில் வீடற்றவன் எனத் தலைப்பிட்டமை கூர்ந்த நோக்கின் வெளிப்பாடு. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றாற் கட்டப்பட்டவை. ஒன்றை அறுத்தால் மற்றதும் அறும். லயத்து அறைக்கு அவன் உரிமையாளனுமல்லன், வாடகையாளனுமல்லன். நாடு, வீடு ஆகிய இரண்டும் ஒரே சட்ட உறவின் இரு முகங்கள் என்பதை அரசியற் கட்டுரைகளைவிடத் தெளிவாக இந்நாவல் உணர்த்துகின்றது.

4. தராசு

என்.எஸ்.எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. 1980 இல் அதனைத் தலைப்பாகக் கொண்ட தொகுதி வெளியாயிற்று. கதை எளிமையானது. கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி வழமையை மீறிய நிறைக்குக் கொழுந்து பறித்துவிடுகிறாள். அவள் உழைப்பில் ஐயம் எழுகிறது. கணக்கப்பிள்ளையோடு இணைத்து அவளது ஒழுக்கத்திலும் ஐயம் எழுகிறது. தன் கைகளின் திறமையாலேயே அவள் அவ்வையத்தை வெல்கிறாள்.

இக்கதையை உழைப்பின் பெருமையைப் பாடும் கதை என்றும், மலையகப் பெண்ணின் தன்மானத்தைச் சித்திரிக்கும் கதை என்றும் விமரிசகர் போற்றுவர். அவை தவறல்ல, ஆயினும் போதா. கதையின் நடுவில் நிற்பது மனிதரல்லர், தராசு. தோட்ட வாழ்க்கையில் தராசு வகிக்கும் இடத்தைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மலையிற் பறித்த கொழுந்து தராசில் ஏறும் கணத்திலேயே, பாடலும் பகடியும் களைப்பும் கலந்த ஒரு பெண்ணின் பகற்பொழுது எண்ணாக மாறுகிறது. அந்த எண் செக்ரோலில் ஏறுகிறது. செக்ரோலிலிருந்து தொழிற்சாலைக்கும் கொழும்பு ஏலத்துக்கும் இலண்டனுக்கும் செல்கிறது. மார்க்ஸ் அரூப உழைப்பு எனக் குறிப்பிட்ட கருத்துநிலை இங்கு கண்முன்னே ஊசலாடும் ஒரு முள்ளாகக் காட்சியளிக்கின்றது.

மேலும், கதையில் ஐயமுறுவோர் யார்? துரையல்லன், சக தொழிலாளர். அளவு என்னும் ஒழுங்கு மேலிருந்து திணிக்கப்படுவதாயினும் கீழுள்ளோர் ஒருவரையொருவர் அதைக்கொண்டே மதிப்பிடத் தொடங்குகின்றனர். பெண்ணின் உழைப்பு மிகுந்தால் அதற்குக் காரணம் அவள் உடலின் மீது எவருக்கோ உள்ள விருப்பமாகத்தான் இருக்கவேண்டும் என ஊர் எண்ணுகிறது. வர்க்கச் சுரண்டலும் ஆணாதிக்கமும் தராசின் இரு தட்டுகளாக அமைந்திருப்பதை இராமையா ஒரு சொல்லும் விளக்காமற் காட்டிவிடுகிறார். அவர் பிரகடனம் எதுவும் செய்யவில்லை என்பதாற் சில முற்போக்கு விமரிசகர் அவரிடம் போராட்டக் குரல் இல்லை எனக் குறைகூறுவர். பிரகடனங்கள் நிறைந்த பல கதைகள் மறக்கப்பட்டுவிட்டன. உலகச் சந்தை மனித உடலைத் தொடும் புள்ளியைச் சரியாகக் கண்டுபிடித்த இக்கதை இன்றும் வாசிக்கப்படுகிறது.

5. தேசியமயமும் இடதுசாரி மௌனமும்

1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. ஏகாதிபத்திய மூலதனத்தின் கோட்டை வீழ்ந்தது என இடதுசாரிகள் மகிழ்ந்தனர். சட்ட அடிப்படையில் அது மெய்யே. ஆயின் 1973, 74 ஆம் ஆண்டுகளில், உலக உணவு விலையேற்றமும் பங்கீட்டு வெட்டும் சேர்ந்து தோட்டங்களிற் பட்டினிச் சாவுகளை விளைவித்தன. நிலச்சீர்திருத்தத்தின் பயனாளிகளாகத் தோட்டத் தொழிலாளர் எண்ணப்படவேயில்லை. நிலம் பகிரப்படும்போது அதில் உழைத்தவன் அகற்றப்படவேண்டிய தடையாகவே கொள்ளப்பட்டான்.

1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிறருக்குப் பகிரும் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்தனர். டெவன் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் சிவனு இலட்சுமணன் உயிரிழந்தார். 1940 இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டது குடியேற்ற அரசின் பொலிசாரால். 1977 இல் இலட்சுமணன் சுடப்பட்டது தேசியமயம் செய்த அரசின் பொலிசாரால். முதலாளி மாறினான், காவல் மாறவில்லை.

தி. ஞானசேகரனின் குருதிமலை (1979) இந்நிலப்பறிப்பையும் எதிர்ப்பையும் பின்புலமாகக் கொண்டது. நாவல் என்ற வகையில் அதிற் குறைகள் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களிற் கருத்துகளின் வாய்களாகிவிடுகின்றன. எனினும் அக்காலத்தின் மிகமுக்கியமான உண்மை ஒன்றை அது கைவிடவில்லை: தொழிலாளி கேட்டது கூலி மட்டுமன்று, தான் பண்படுத்திய மண்ணில் நிலைத்திருக்கும் உரிமை.

இவ்விடத்தில் நமது விமரிசன மரபின் கடன் ஒன்று தீர்க்கப்படவேண்டியுள்ளது. 1948 இற் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்திற் கடுமையாக எதிர்த்தோர் இடதுசாரிகள். 1964 ஒக்டோபரில் ஒப்பந்தம் கைச்சாத்தானபோது சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் இருந்தது. 1970 முதல் 1975 வரை பெருந்தோட்டத்துறை அமைச்சராக இருந்தவர் அக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா. தேசிய முதலாளித்துவத்தோடு கூட்டுச் சேர்வதே அன்றைய கடமை எனக் கருதிய இடதுசாரி அரசியல், அத்தேசியம் எவரை விலக்கிக் கட்டப்படுகிறது என்ற வினாவைப் பின்தள்ளியது. அதன் நிழல் விமரிசனத்திலும் விழுந்தது. தேசிய இலக்கியம் என்ற கோட்பாடு, தேசமே மறுக்கப்பட்ட மக்களின் எழுத்தைத் தன்னுள் அடக்கியபோது எழவேண்டிய அடிப்படைக் கேள்வி எழவில்லை. நாடற்றவரின் இலக்கியம் எந்த வகையிற் தேசிய இலக்கியமாகும்? இக்கேள்வியைத் தவிர்த்ததனாலேயே மண்வாசனை என்ற சொல் அவ்விடத்தை நிரப்பியது. மண்ணுரிமை இல்லாதவனிடம் மண்வாசனையைத் தேடினோம்.

6. அபிவிருத்திக் கடனும் மின்கம்பியும்

அபிவிருத்தி நிதி என்பதும் மலையகத்துக்கு அண்மையில் வந்ததன்று. உலக வங்கி இலங்கைக்கு வழங்கிய முதலாவது கடன் 1954 இல் அபடீன் - லக்சபான நீர்மின் திட்டத்துக்கானது. தொகை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் டொலர். 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. 1985 இல் சுவீடனின் உதவியோடு கொத்மலை அணை திறக்கப்பட்டது. ஜப்பானியக் கடனில் அமைந்த மேல்கொத்மலைத் திட்டம் தலவாக்கலையிற் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்து 2012 இல் நிறைவெய்தியது. சென் கிளயர் நீர்வீழ்ச்சி அதன் இயல்பான நீர்ப்பெருக்கை இழந்தது. மலையகத்தின் நீர் நாட்டுக்கு ஒளியூட்டிய பல தசாப்தங்களிலும் லயங்களிற் பெரும்பாலானவை குப்பி விளக்கில் இருந்தன. மின்கம்பி லயத்துக்கு மேலாகச் சென்றது, லயத்தினுள் இறங்கவில்லை.

1977 இன் பின்னர் இப்போக்கு வேகம் பெற்றது. நட்டத்தில் இயங்கிய அரச தோட்டங்கள் சர்வதேச நிதி நிறுவனங்கள் வற்புறுத்திய மறுசீரமைப்பின் ஒரு பகுதியாக 1992 இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு ஒப்படைக்கப்பட்டன. பின்னர் குத்தகை 53 ஆண்டுகளாக வரையறுக்கப்பட்டு 2045 வரை நீடிப்பதாயிற்று. நிலத்தின் உடைமை அரசிடம், பயன் கம்பனியிடம், லயம் தொழிலாளியிடம், அதுவும் உறுதிப்பத்திரமின்றி. வீடமைப்புக்கு 7 பேர்ச் காணியும் இந்திய அரசின் நிதியும் வந்தன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தன் குடிமகனுக்கு வீடு வழங்குவதற்கு அரசு அயல் நாட்டின் கொடையை எதிர்பார்த்திருக்கும் நிலை, அரசின் இடமாற்றத்துக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அதே காலத்தில் அரசின் மற்றொரு கை நீண்டது. 1979 இற் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் இனவன்செயல்களால் மலையக மக்கள் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்றனர். அங்கும் போரின் நடுவே சிக்கினர். கொழும்புக்கு வேலை தேடிச் சென்ற மலையக இளைஞன் சோதனைச் சாவடிகளிற் சந்தேகநபரானான். தெளிவத்தை ஜோசப்பின் குடைநிழல் (2010) இந்த அநுபவத்தை நாவலாக்கியது. பாதுகாப்பு என்ற பெயரால் ஒரு தமிழனைக் கைதுசெய்து அலைக்கழிக்கும் அரசு இயந்திரத்தை அது காட்டுகின்றது. குடையின் நிழல் காப்பதற்குரியது. அந்நிழலே அச்சமாக மாறும் நிலை தலைப்பிலேயே தொனிக்கின்றது. காலங்கள் சாவதில்லை (1974) எழுதியபோது ஜோசப்பின் உலகில் அதிகாரம் தோட்டத்துக்குள் இருந்தது. குடைநிழலில் அது தோட்டத்தை விட்டு வெளியேறி நாடெங்கும் பரந்த ஒன்றாகிவிட்டது. ஒரே எழுத்தாளனின் இரு படைப்புகளுக்கிடையே அரசின் உருமாற்றம் முழுவதும் பதிவாகியுள்ளது.

பாதுகாப்பு என்னும் சொல்லே இங்கு ஆராயத்தக்கது. எவருக்கான பாதுகாப்பு? முதலீட்டுக்கு 53 ஆண்டுக் குத்தகை என்ற பாதுகாப்பு உண்டு. அரசுக்கு விசேட சட்டங்கள் உண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகமெங்கும் மண்சரிவுகள் உயிர்களைக் கொண்டன. சரிவில் வாழ்பவன் தன் விருப்பத்தாற் சமதரைக்குச் செல்ல முடியாதவன். ஏனெனில் அவனுக்குரிய நிலம் என ஒன்றில்லை.

7. சம்பளச் சீட்டு

2022 ஏப்பிரல் 12 ஆம் திகதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் வழங்கியது. அது இலங்கை பெற்ற 17 ஆவது உதவித் திட்டமாகும். இவை தோட்டத்துக்குத் தொலைவில் நிகழ்ந்தவை போலத் தோன்றும். அவ்வாறன்று.

2021 டிசம்பரில், ஈரானிடம் பெற்ற எண்ணெய்க்கான 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடனை மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்க்கும் உடன்பாடு செய்யப்பட்டது. கொழுந்து நேரடியாகவே அரசின் கடனைத் தீர்க்கும் நாணயமாயிற்று. இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. தொழிலாளியின் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கான கழிவு ஒரு வரியாக இடம்பெறுகிறது. அந்நிதியின் பெரும்பகுதி அரசின் திறைசேரி முறிகளில் முதலிடப்பட்டுள்ளது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகளின் முறிகள் விலக்களிக்கப்பட்டன. சேமலாப நிதிகளின் முறிகள் நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கொண்டனவாக மாற்றப்பட்டன. நாட்டின் கடன் நெருக்கடியை மலைமேற் கொழுந்தெடுப்பவளின் முதுமைக்காலச் சேமிப்பு தாங்கியது. சம்பளச் சீட்டில் உள்ள அந்த ஒரு வரியினூடாக நியூயோர்க் வரை செல்லலாம்.

கூலியின் கதையும் இவ்வாறே. 2021 இல் சம்பள நிர்ணய சபை நாளொன்றுக்கு 1000 ரூபா விதித்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின. 2024 இல் 1700 ரூபா என வர்த்தமானி வெளியிடப்பட்டு, வழக்கின் பின் செப்டெம்பரில் 1350 ரூபாவாகக் குறுகியது. 2026 ஆம் ஆண்டுக்கான பாதீட்டில், வரவுக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசே வழங்கும் என அறிவிக்கப்பட்டது. தனியார் கம்பனியின் கூலிப் பட்டியலிற் பொதுநிதி நுழையும் இந்நிலையை அரசு மெலிந்தது எனக் கூறல் பொருந்துமா?

முதலாளியின் முகமும் மாறிவிட்டது. லிப்டன் என்னும் பெயர் 2022 இல் யுனிலீவரிடமிருந்து சி.வி.சி. என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு 450 கோடி யூரோவுக்குக் கைமாறியது. 2024 இல் அதே லிப்டனின் கிழக்காபிரிக்கத் தோட்டங்களை இலங்கையின் பிரவுண்ஸ் நிறுவனம் கையேற்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. இலங்கை மூலதனம் கென்யத் தொழிலாளியின் முதலாளியாகும் காலம் இது. தேசிய முதலாளி, அந்நிய முதலாளி என நாம் பழகிய பிரிவினை இங்கு பயன்படாது.

8. இலக்கிய வடிவத்தின் பிரச்சினை

இத்தகைய ஓர் உலகை மலையகப் புனைகதை எவ்வாறு எதிர்கொள்கிறது? இங்கேதான் குறை தெரிகிறது. நமது கதைகளில் இன்றும் எதிரி துரையே. வெள்ளைத் துரையின் இடத்தில் கறுப்புத் துரை. கங்காணியின் இடத்திற் தொழிற்சங்கத் தலைவர். மோதல் ஒரு மனிதனுக்கும் மற்றொரு மனிதனுக்கும் இடையே நிகழ்ந்து முடிகின்றது. ஆயின் இன்றைய துரை ஒரு சம்பளக்காரன். அவன் மேல் முகாமைக் கம்பனி. அதன் மேல் பங்குடைமைக் குழுமம். பக்கத்தில் ஏலம், வணிகப்பெயர், கடன் கொடுத்தோர். வில்லனை இனங்காண முடியாத இடத்தில் நமது கதாசிரியன் துயர வருணனைக்குத் திரும்பிவிடுகிறான். துயரம் உண்மையே, ஆயின் காரணத்திலிருந்து பிரிக்கப்பட்ட துயரம் வாசகனிடம் இரக்கத்தை மட்டுமே எழுப்பும்.

யதார்த்தவாதம் என்பது புலப்படும் விபரங்களின் தொகுப்பன்று, சமூக உறவுகளின் முழுமையைத் தனிமனித வாழ்வினூடாகக் காட்டுவது என ஜோர்ஜ் லூக்காஸ் வற்புறுத்தினார். அம்முழுமை இன்று கண்ணுக்கு எட்டாதவாறு விரிந்துவிட்டது என்பதே எழுத்தாளனின் இடர்ப்பாடு. இதற்கு விடை, கதைக்குள் பொருளாதாரச் சொற்பொழிவைப் புகுத்துவதன்று. விடை இராமையாவிடம் உள்ளது. அவர் உலகச் சந்தையைப் பற்றிப் பேசவில்லை, தராசைக் காட்டினார். இன்றைய எழுத்தாளன் சம்பளச் சீட்டைக் காட்டலாம். முகவரியில்லாத லயத்துக்கு வரும் கடிதத்தைக் காட்டலாம். மூழ்கிய நகரத்தின் கோயில் கோடையில் நீருக்கு மேல் எழுவதைக் காட்டலாம். கொழும்பில் வீட்டு வேலைக்கும் மத்திய கிழக்குக்கும் சென்ற தாயின் பணத்தில் படிக்கும் பிள்ளையைக் காட்டலாம். இவை ஒவ்வொன்றும் தோட்டத்துக்குள் இருக்கும் உலகம்.

இவ்வாறு கூறுவது இலக்கியத்தைப் பொருளியலின் பணியாளாக்குவதாகும் எனச் சிலர் மறுக்கலாம். மலையக எழுத்தைப் பிரதேச எழுத்து எனக் குறுக்குவோரே அதனைச் சிறுமைப்படுத்துவோர் என்பது அவர்களுக்கான மறுமொழி. 2023 இல் இம்மக்களின் வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்து மாண்ட வழியில் மீண்டும் நடந்தோர் இரக்கத்தைக் கேட்கவில்லை. நிலத்தையும் உரிமையையும் கேட்டனர். அரசியலில் மக்கள் எடுத்துவைத்த அந்த அடியை இலக்கியமும் விமரிசனமும் இன்னும் முழுமையாக எடுத்துவைக்கவில்லை.

தோட்டங்களிற் பதிவுசெய்யப்பட்ட தொழிலாளர் தொகை இன்று தனியார்மயம் தொடங்கிய காலத்து எண்ணிக்கையின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கூலிமுறைக்குப் பதிலாக, தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்கும் முறை பரவுகின்றது. 2045 இற் குத்தகை முடியும்போது அம்மலைகள் எவருக்குரியன என்ற கேள்வி எழும். அதற்கு விடை காணும் பொறுப்பு அரசியல் இயக்கங்களுக்குரியது. ஆயின் அக்கேள்வியைத் தம் சொந்தக் கேள்வியாக உணரும் மக்களை உருவாக்குவதில் எழுத்துக்குப் பங்குண்டு. மீனாட்சி அம்மையின் காலத்தில் மலையகப் பாடல் சட்டத்தை நோக்கிப் பேசியது. மலையகக் கதை இன்று குத்தகைப் பத்திரத்தை நோக்கிப் பேசவேண்டிய காலம் வந்துள்ளது.